வாளும் கைவாகும்

ஐரோப்பாவின் மத்தியகாலப் போர்வீரர் ஏந்திய வாள், இரும்புத் தூண் போன்று பாரமானது என்றும், அதனைச் சுழற்றியவர் கல்வியாலன்றி உடல்வலியொன்றாலேயே வென்றனர் என்றும் நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். திரைப்படங்கள் இவ்வெண்ணத்தை வளர்த்தன. ஆயின், நூதனசாலைகளிலுள்ள மூலவாள்களை நிறுத்துப் பார்த்தோர் கண்டது வேறு. ஒரு கையால் வீசப்பெற்ற வாள்களிற் பெரும்பாலானவை 1,100 முதல் 1,400 கிராம் வரையிலான நிறையுடையன. அதாவது, ஏறக்குறைய இரண்டரை இறாத்தல் முதல் மூன்று இறாத்தல் வரை.

இவ்வுண்மையை உலகறியச் செய்தோருள் ஆங்கிலேயரான யூவர்ட் ஓக்சொட் (1916–2002) முதன்மையானவர். 1960இல் வெளிவந்த தம் நூலில் மத்தியகால வாள்களை அலகின் வடிவு நோக்கி வகுத்துக் காட்டினார். இன்றும் ஆராய்ச்சியாளர் அவ்வகுப்பையே பின்பற்றுகின்றனர்.

இன்று சிலர் பழைய வாட்போர்க் கலையைப் பயிலும்பொருட்டுப் போலிவாள்களை விலைகொடுத்து வாங்குகின்றனர். விலை குறைந்தவற்றுட் பல, கண்ணுக்கு அழகாயிருந்தும் கைக்கு வாகாய் அமைவதில்லை. காரணம் யாது? பழைய கொல்லன் தன் அலகைக் கைபிடியருகே தடிப்பாகவும், நுனியை நோக்கிச் செல்லச் செல்ல மெலிதாகவும் அடித்தான். போலிவாளோ பெரும்பாலும் ஒரே தடிப்புள்ள உருக்குத் தகட்டிலிருந்து வெட்டப்படுகின்றது. ஆகவே நுனி கனத்து, வாள் வீசியவரையே இழுத்துச் செல்கின்றது.

இக்குறையை நீக்க முயல்வோர்க்கு இரு வழிகள் உள. ஒன்று, கைபிடியின் கடைசியிலுள்ள குமிழைப் பாரமாக்குதல். மற்றது, நுனிப்பக்கத்து உருக்கை அராவிக் குறைத்தல். முதலாவது எளிது, ஆதலின் பலர் அதனையே நாடுவர். இரண்டையும் கணக்கிட்டுப் பார்ப்போம்.

1,600 கிராம் நிறையுள்ள ஒரு வாளின் ஈர்ப்புமையம், கையைக் காக்கும் குறுக்குச் சட்டத்திலிருந்து 18 சதமமீற்றர் தூரத்தில் உள்ளதெனக் கொள்வோம். அலகிலே சராசரி 60 சதமமீற்றர் தூரத்திலிருந்து 100 கிராம் உருக்கை அராவி எடுத்தால், வாளின் நிறை 1,500 கிராமாகும், ஈர்ப்புமையம் 15.2 சதமமீற்றருக்கு வரும். அதே இடத்துக்கு அதனைக் குமிழின் வாயிலாகக் கொணர வேண்டுமாயின், சட்டத்துக்குப் பின்னே 17 சதமமீற்றரிலுள்ள குமிழில் ஏறக்குறைய 140 கிராம் கூட்ட வேண்டும். வாள் 1,740 கிராமாகிவிடும்.

விரல்மேல் நிறுத்திப் பார்க்கும்போது இரு வாளும் ஒன்றுபோலத் தோன்றும், வீசும்போது அவ்வாறில்லை. சுழலும் பொருளின் சடத்துவம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பௌதிகவியல் மாணவர் அறிந்ததே. உலக்கையை நடுவிற் பிடித்துத் திருப்புவதற்கும் ஒரு முனையிற் பிடித்துத் திருப்புவதற்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டுப் பெண்டிர் கணக்கின்றியே அறிவர். 60 சதமமீற்றரிலுள்ள ஒரு கிராம், 17 சதமமீற்றரிலுள்ள ஒரு கிராமைப்போலப் பன்னிரண்டு மடங்கிற்கும் மேலாகச் சுழற்சியை எதிர்க்கும். எனவே நுனியை மெலித்தவன் அவ்வெதிர்ப்பைக் குறைக்கின்றான். குமிழைப் பெருக்கியவன் அதனைச் சிறிது கூட்டியே விடுகின்றான்.

அலகின் நடுவே ஓடும் நீண்ட பள்ளமும் இது பற்றியே அமைந்தது. அது குருதி வழிவதற்கான வாய்க்கால் என்பது வெறுங்கதை. விறைப்பை அதிகம் இழவாது பாரத்தைக் குறைப்பதே அதன் பயன்.

அராவும் வேலை பொறுமையை வேண்டுவது. இரு முகங்களையும் சமமாக அராவி, அடிக்கடி அளந்து பார்த்தல் வேண்டும். அளவுமீறி மெலிந்த அலகு துவண்டுவிடும். அரைக்கும் பொறியைப் பயன்படுத்தினால், உருக்கு கைசுடும் நிலையை எய்துமுன் நீரில் தோய்த்தல் இன்றியமையாதது. கொல்லன் பதப்படுத்திய வெப்பநிலையைக் கடந்து சூடேறினால் பதம் இளகிவிடும். பயிற்சிக்குரிய வாளாயின் அதன் விளிம்பு மழுங்கியும் தடித்தும் இருத்தல் வேண்டும். கைபிடிக்குள் நுழையும் அலகின் வாலிலே கூரிய மூலைகள் இருத்தலாகாது. வெடிப்பு அங்கேதான் தொடங்கும். அவ்வாறு முறிந்த அலகு பறந்து சென்று யாரைத் தாக்குமென்று சொல்லமுடியாது. ஆதலால் இளைஞர் இவ்வேலையைத் தேர்ந்த கொல்லர் ஒருவரின் மேற்பார்வையிலேயே செய்தல் வேண்டும்.

கைபிடியும் கவனத்துக்குரியது. உருண்டையான பிடி கைக்குள் உருளும். முட்டை வடிவாகச் செதுக்கிய மரப்பிடியோ, விளிம்பு எத்திசை நோக்குகின்றது என்பதைக் கண் பாராமலே உள்ளங்கைக்கு உணர்த்தும். அதன்மேல் நூல் சுற்றித் தோல் போர்த்தினால் வியர்வையிலும் வழுக்காது.

இலீட்ஸ் நகரின் அரச படைக்கலச்சாலைக்குரிய ஓர் ஏட்டுப்பிரதி, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்க காலத்தது; ஐரோப்பாவில் இன்று கிடைக்கும் வாட்பயிற்சி நூல்களுள் மிகப் பழையது. அதிலே மதகுரு ஒருவர் தம் மாணவனுக்கு வாளும் சிறு கேடயமும் பயிற்றுகின்றார். இறுதிப் பக்கங்களில் வல்பூர்கிசு என்னும் பெண்ணொருத்தியும் வாளேந்தி நிற்கின்றாள். பாதிரியாரும் பெண்ணும் பயின்ற கலையை முரட்டு வலியின் கலையென்று கூறுதல் பொருந்துமா?

முன்னோர் எந்நாட்டவராயினும், அவர்தம் கருவிகளை அளந்தறியாமல் அவர்தம் அறிவை அளக்கப் புகுதல் முறையன்று. ஒரு வாளைத் திருத்த முனையும் மாணவன், உருக்கை மட்டுமன்றி இவ்வெண்ணத்தையும் சேர்த்தே திருத்திக்கொள்கின்றான். குறை கண்டவிடத்து ஒன்றைக் கூட்டிச் சரிக்கட்ட விரையாது, மிகையானது எதுவெனத் தேடிக் களையும் பழக்கமும் அவனுக்கு வாய்க்குமாயின், அப்பயிற்சி பட்டறைக்கு வெளியிலும் பயன்தரும் என்பது நம் கருத்து.