மதகைத் திறக்க ஊரைக் கேட்கணும், பட்டாளத்தை அனுப்ப?

பத்து நாளா இந்தப் பக்கம் வரல. நடவு வேலை, அப்புறம் மச்சான் வீட்டுக் கல்யாணம். நடுவுல கிணத்து மோட்டார் வேற எரிஞ்சு போச்சு, அதைக் கழட்டி ஆரணிக்கு எடுத்துட்டுப் போய் காயில் கட்டிட்டு வந்தேன். அந்தக் கதை இன்னொரு நாள். இன்னைக்கு எழுதப் போறது கல்யாணப் பந்தியில நடந்த ஒரு பேச்சைப் பத்தி.

எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, பட்டாளத்துக்காரர். 1987ல இலங்கைக்குப் போன அமைதிப்படையில இருந்தவர். இடது கால் முட்டிக்குக் கீழே கிடையாது, கட்டைக்கால்தான். பந்தியில அவர் பக்கத்துல நான். இன்னொரு பக்கத்துல பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரு மாப்பிள்ளை. நல்ல பையன், மரியாதை தெரிஞ்ச பையன். இலையில சாம்பார் ஊத்துற நேரத்துல ஆரம்பிச்சார்.

"மாமா, நம்ம ராணுவம் இப்ப உலகத்துலயே நாலாவது இடம். இனிமே எல்லைக்குள்ளயே உட்கார்ந்திருக்கக் கூடாது. அமெரிக்காக்காரன் மாதிரி வெளிய போய் அடிக்கணும். அப்பதான் வல்லரசு."

அண்ணன் கேட்டார், "அடிச்சிட்டு?"

"அடிச்சிட்டு என்ன மாமா, ஜெயிச்சிட்டு வர வேண்டியதுதான்."

அண்ணன் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. பரிமாறுற பையனைக் கூப்பிட்டு மோர் கேட்டார்.

அவர் பேச மாட்டார். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல பேசாதவர். அதனால நான் பேசுறேன். பத்தாவது படிச்சவன் ராணுவத்தைப் பத்தி என்னத்தைச் சொல்லிடப் போறான்னு நினைக்கிறவங்க இத்தோட நிறுத்திக்கலாம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் பட்டாளத்துக்கு எதிரி இல்லை. எங்க வட ஆற்காடு பக்கம் தெருவுக்கு ரெண்டு மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். வேலூர் பக்கத்துல கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊரு, அதுக்குப் பேரே ராணுவ கிராமம்தான். எங்க பக்கம் முதல் மெத்தை வீடு கட்டினவங்க பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கினவங்க. நம்ம வரப்பைக் காக்க ஆள் வேணும், அதுக்குச் செலவும் பண்ணணும். 2020ல கல்வான்ல இருபது பேர் செத்தாங்களே, அதுல ஒருத்தர் ராமநாதபுரம் மாவட்டத்து பழனி. அவர் நின்னது நம்ம வரப்புல. அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு கிடையாது. ஆனா அடுத்தவன் களத்துமேட்டுல போய்க் கம்பு சுத்துறது வேற விஷயம்.

வெளிநாட்டுச் சண்டை நமக்குப் புதுசும் இல்லை. இந்தப் பக்கம் பழைய ஊருங்களுக்குப் போனா, பள்ளிக்கூடத்துச் சுவத்துலயோ சாவடியிலயோ ஒரு சின்னக் கல் பதிச்சிருப்பாங்க. 1914லேர்ந்து 1919 வரைக்கும் நடந்த பெரும்போருக்கு இந்த ஊர்லேர்ந்து இத்தனை பேர் போனாங்க, இத்தனை பேர் உயிரை விட்டாங்கன்னு இங்கிலீஷ்ல செதுக்கியிருக்கும். வெறும் எண்ணிக்கை, பேர் இருக்காது. பத்து லட்சத்துக்கு மேல இந்தியச் சிப்பாய்கள் கடல் தாண்டிப் போய், எழுபதாயிரத்துக்கு மேல செத்தாங்க. மெசபடோமியாவுல செத்தவனுக்கு அங்க என்ன வரப்புத் தகராறு? வெள்ளைக்காரன் அனுப்பினான், போனான். சரி, அது அடிமைக் காலம்.

1987 அடிமைக் காலம் இல்லையே.

அந்த வருஷம் எனக்குப் பதினேழு வயசு. ஜூன் 4ஆம் தேதி நம்ம விமானங்க யாழ்ப்பாணத்து மேல அரிசி பருப்புப் போட்டுட்டு வந்தப்ப, எங்க ஊர் டீக்கடையில பட்டாசு வெடிச்சோம். ஜூலை 29 கொழும்புல ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. மறுநாளே அங்க ஒரு கடற்படைச் சிப்பாய் நம்ம பிரதமரைத் துப்பாக்கிக் கட்டையால அடிச்சான். யாரு வீட்டுக்குள்ள எந்த லட்சணத்துல போறோம்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும்.

ஆகஸ்ட்ல அண்ணன் போனார். இளநீர் வெட்டிக் கொடுத்தாங்க, மாலை போட்டாங்கன்னு கடுதாசி எழுதியிருந்தார். சாப்பாட்டுல தேங்காய் ஜாஸ்தின்னு ஒரு வரி. எங்க பெரியம்மா அந்தக் கடுதாசியைத் தெரு முழுக்கப் படிக்க வச்சாங்க. அமைதியைக் காக்கப் போன படைதானே, சண்டைக்கு இல்லையேன்னு எங்களுக்கெல்லாம் நிம்மதி.

ரெண்டரை மாசம்தான். அக்டோபர்ல, யாரைக் காப்பாத்தப் போனாங்களோ அவங்க தெருவுலயே சண்டை. சரியான வரைபடம் கூடக் கையில இல்லாம இறக்கிவிட்டாங்க. அக்டோபர் 11 ராத்திரி யாழ்ப்பாணம் பல்கலைக்கழகத்து மைதானத்துல ஹெலிகாப்டர்லேர்ந்து இறங்கின சீக்கியப் படை முப்பது பேர்ல இருபத்தொம்பது பேர் செத்தாங்க, ஒருத்தர் பிடிபட்டார். பத்து நாள் கழிச்சு, 21ஆம் தேதி, நம்ம படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள புகுந்து சுட்டதுல நோயாளி, டாக்டர், நர்சுன்னு அறுபது பேருக்கு மேல செத்தாங்க. அன்னைக்கு தீபாவளி. நான் இங்க எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு இட்லி தின்னுட்டு இருந்தேன்.

அண்ணன் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். அவங்க படைப்பிரிவுல வீட்டுச் சோதனைக்குப் போகும்போது, தமிழ் தெரிஞ்சவன் முன்னால வான்னு கூப்பிடுவாங்களாம். முன்னால போறது இவர். ஒரு வீட்டுல வயசான அம்மா கதவைத் திறந்து, இவர் பேசினதைக் கேட்டுட்டு, "தம்பி, நீ தமிழனா?"ன்னு கேட்டாங்களாம். இவர் ஆமான்னார். அவங்க வேற ஒண்ணும் கேட்கல, கதவை அகலமாத் திறந்துவிட்டுட்டு ஓரமா நின்னாங்களாம். இதைச் சொல்லிட்டு அண்ணன் எழுந்து மாட்டை அவிழ்க்கப் போயிட்டார். 1988 பிப்ரவரியில, ஒரு பனங்காட்டு ஓரத்துல, கண்ணிவெடியில கால் போச்சு.

இதுல சுட்டவன் சரியா, சுடப்பட்டவன் சரியான்னு பேசினா விடியாது. ரெண்டு பக்கமும் நம்ம பிள்ளைங்கதான். நான் கேட்கிறது வேற. எதுக்குப் போனோம்? எப்பத் திரும்பணும்? இந்த ரெண்டு கேள்விக்கும் அன்னைக்கு யார்கிட்டயும் பதில் இல்லை. எண்பதாயிரம் பேர் பக்கம் ஆள் ஏத்தினோம். மேஜர் பரமேஸ்வரன் செத்த பிறகு பரம்வீர் சக்ரா வாங்கினார். மொத்தம் சுமார் 1,200 பேர் செத்தாங்க. 1989 ஜூன்ல பிரேமதாசா, ஜூலை 29க்குள்ள இடத்தைக் காலி பண்ணுங்கன்னார். நம்மகூடச் சண்டை போட்ட புலிகளுக்கே அவர் ஆயுதமும் கொடுத்தார். 1990 மார்ச் 24, கடைசிக் கப்பல் கிளம்புச்சு. போன காரியம் ஆச்சான்னா, அதுக்கப்புறம் பத்தொம்பது வருஷம் அங்க நடந்தது உங்களுக்கே தெரியும். ஸ்ரீபெரும்புதூர்ல நடந்ததும் தெரியும்.

சென்னைத் துறைமுகத்துல வந்து இறங்கினவங்களை வரவேற்க முதலமைச்சர் கலைஞர் போகல. தமிழனைக் கொன்ன படையை எப்படி வரவேற்கிறதுன்னு அவர் நினைச்சதுல நியாயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கப்பல்லேர்ந்து இறங்கினவன் தானாப் போகலையே. அனுப்பினவங்க டெல்லியில இருந்தாங்க, வெயில்ல நின்னவன் சிப்பாய். அமைதிப்படையில செத்தவங்களுக்குக் கொழும்பு பக்கத்துல நினைவுச்சின்னம் இருக்கு, நம்ம தலைவருங்க போனா மலர்வளையம் வைக்கிறாங்க. எங்க அண்ணன் ஊனத்துக்கான பென்ஷன் சரியா வர்றதுக்கு ஒரு ஆபீசுக்கு நாலு வருஷம் பஸ் ஏறினார். கட்டைக்காலோட.

மாப்பிள்ளை 1971ஐச் சொல்வார்னு தெரியும். சொல்லட்டும், நானே சொல்றேன். டிசம்பர் 3 ஆரம்பிச்சு 16ல முடிஞ்சுது, தொண்ணூறாயிரத்துக்கு மேல கைதிங்க. 1972 மார்ச்சுக்குள்ள நம்ம படை பங்களாதேஷை விட்டு வந்தாச்சு. ஏப்ரல்லயே போகச் சொன்னப்ப முடியாது, தயாரா இல்லைன்னு மானெக்‌ஷா இந்திரா காந்தி மூஞ்சிக்கு நேராச் சொன்னார். என்ன செய்யணும், எப்பச் செய்யணும், எப்பக் கிளம்பணும், மூணும் தெரிஞ்சு போனாங்க. 1988ல மாலத்தீவும் அப்படித்தான். ஆட்சியைப் பிடிக்க வந்தவங்களை ராவோட ராவா விரட்டிட்டு, படையில பெரும்பகுதி சீக்கிரமே திரும்பிடுச்சு. அதே வருஷம் இன்னொரு பக்கம் அதே ராணுவம் யாழ்ப்பாணத்துல மாட்டிக்கிட்டு முழிச்சுது. பலம் ஒண்ணுதான். துப்பாக்கியும் அதேதான்.

2003ஐ எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? ஈராக்கைப் பிடிச்ச அமெரிக்கா, ஒரு டிவிஷன் படை அனுப்புங்கன்னு நம்மகிட்ட கேட்டுது. பதினேழாயிரம் பேர் அளவுக்கு. போகலாம், நல்ல சந்தர்ப்பம், பெரிய நாடுங்களோட உட்காரலாம்னு பேப்பர்ல எழுதினாங்க படிச்சவங்க. ஆனா அதுக்கு முன்னாலயே ஏப்ரல்ல நாடாளுமன்றம் அந்தச் சண்டையைக் கண்டிச்சுத் தீர்மானம் போட்டுடுச்சு. ஜூலையில வாஜ்பாய் அரசாங்கம், ஐ.நா. உத்தரவு இல்லாம வர முடியாதுன்னு சொல்லிடுச்சு. நான் வாஜ்பாய்க்கு ஓட்டுப் போட்டவன் இல்லை. ஆனா அந்த ஒரு காரியத்துக்குக் கும்பிடு போடலாம். மறுபடியும் மெசபடோமியாவுக்குப் போய்ச் சாகாம எங்க பக்கத்துப் பிள்ளைங்க எத்தனை பேர் தப்பிச்சாங்களோ.

இப்பப் பணத்துக்கு வர்றேன். 2025-26 பட்ஜெட்ல பாதுகாப்புக்கு 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி. விவசாயத்துக்கு எவ்வளவுன்னு கேட்டு ஒப்பாரி வைக்கப் போறதில்லை, அது வேற கணக்கு. இந்த 6.81 லட்சம் கோடியில பென்ஷன் மட்டும் 1 லட்சத்து 60 ஆயிரம் கோடி. சம்பளத்தையும் சேர்த்தா ஏறக்குறைய பாதி. டிவியில காட்டுறது ரஃபேல் விமானம்தான். ஆனா நாலாவது இடம் நாலாவது இடம்னு சொல்றீங்களே, அந்தப் பலம் முக்கால்வாசி ஆள் பலம். அந்த ஆள் எங்க ஊர்லேர்ந்துதான் வர்றான். பெங்களூர் அப்பார்ட்மெண்டுலேர்ந்து எத்தனை பேர் சிப்பாய்க்கு ஓட்டப்பந்தயம் ஓடினாங்கன்னு சொல்லுங்க.

அந்த ஆள் செலவைக் குறைக்கத்தான் 2022ல அக்னிபாத் வந்துது. இளமையான படை வேணும்னு அரசாங்கம் காரணம் சொல்லுது. எங்களுக்குத் தெரியிற காரணம் பென்ஷன். நாலு வருஷம் வேலை, நூத்துல இருபத்தஞ்சு பேரைத்தான் வச்சுப்பாங்க, மிச்சப் பேர் பதினோரு லட்சத்துச் சொச்சத்தோட வீட்டுக்கு. அதுலயும் பாதி அவன் சம்பளத்துல பிடிச்சதுதான். என் தங்கச்சி மகன் அக்னிவீரா இருக்கான், ரெண்டு வருஷம் முடிஞ்சுது. அண்ணனுக்காவது கால் போன பிறகு மாசாமாசம் ஒரு தொகை வருது, அதுலதான் ரெண்டு பெண்ணைக் கட்டிக் கொடுத்தார். இவனுக்குக் கால் போனா மொத்தமா ஒரு தொகையைக் கையில கொடுத்து முடிச்சிடுவாங்க. பென்ஷன் கிடையாது. ஆளுக்கு ஆகிற செலவைக் குறைக்கணும், ஆனா அவன் கடல் தாண்டிப் போய் வல்லரசு வாங்கிட்டு வரணும். எந்த ஊர் நியாயம் இது?

எங்க ஏரி நிரம்பினா மதகைச் சும்மா திறந்துட முடியாது. தண்டோரா போடணும். ஆயக்கட்டுக்காரங்க அத்தனை பேரும் வேப்பமரத்தடியில கூடணும். எந்த மடைக்கு முதல் முறை, நீர்க்கட்டி யாரு, எந்தத் தேதி மதகை மூடறதுன்னு பேசி முடிச்ச பிறகுதான் திறக்கிறது. ஊராட்சித் தலைவரே ஆனாலும் ராத்திரியில தனியாப் போய்த் திறந்தா கையை முறிச்சிடுவாங்க. ஆனா எண்பதாயிரம் பேரை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தைக் கேட்டே ஆகணும்னு நம்ம நாட்டுச் சட்டத்துல கட்டாயம் இல்லை. ஜெர்மனியில கேட்டாகணும், அவங்க நாடாளுமன்றம் ஒத்துக்காம ஆயுதத்தோட படை வெளிய போக முடியாது. இங்கிலாந்துல 2013ல சிரியா மேல குண்டு போடப் பிரதமர் கேட்டார், 285க்கு 272ன்னு தோத்தார், போகல. அவங்க வல்லரசு இல்லையா?

எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணும் இல்லை. அடுத்தவன் நாட்டுக்குச் சண்டைக்குப் படை போறதா இருந்தா, முன்கூட்டியே நாடாளுமன்றத்துல வைங்க. எதுக்குன்னு எழுதுங்க, எந்தத் தேதிக்குத் திரும்பறதுன்னு எழுதுங்க, கையைத் தூக்கிறவன் பேரையும் எழுதுங்க. செத்தவன் பேரைத்தான் கல்லுல போடுறோம், அனுப்பினவன் பேரும் எங்கயாவது இருக்கட்டும். அவசரம்னா மாலத்தீவு மாதிரி போயிட்டு வந்து கணக்குச் சொல்லுங்க.

மாப்பிள்ளை இதைப் படிப்பார், லிங்க் அனுப்பியிருக்கேன். கோபம் வந்தாலும் பரவாயில்லை. உங்க தொகுதி எம்.பி. உங்க பக்கம் வந்தா இதைக் கேளுங்க. எங்க எம்.பி. பொங்கலுக்கு மாடு விடும் விழாவுக்கு வருவார். மேடைக்குப் பக்கத்துல அண்ணனுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன், கேள்வியை நான் கேட்டுக்கிறேன்.