பொட்டு வைத்தால் போதுமா?

ஆயுத பூஜை அன்று வேப்பூர் கூட்டு ரோட்டில் நிற்கும் லாரிகளைப் பார்க்க வேண்டும். வாழைக்கன்று என்ன, மாலை என்ன, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் என்ன! முன் கண்ணாடி முழுக்கச் சந்தனமும் குங்குமமும். வைப்பர் கைக்குக் கூட ஒரு பொட்டு உண்டு.

ஆனால் அந்த வைப்பரில் இருக்கிற ரப்பரை மட்டும் யாரும் தொட்டுப் பார்ப்பது இல்லை.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரத்தில் பிடிக்கும். பூஜைக்கும் மழைக்கும் அதிக இடைவெளி கிடையாது. முதல் மழையில் டிரைவர் சுவிட்சைப் போடுகிறார். "கிரீச்... தடதட" என்று வைப்பர் துள்ளுகிறது. கண்ணாடியில் கோடு கோடாகத் தண்ணீர் நிற்கிறது. எதிரே வரும் விளக்கு ஒன்று, பத்தாகத் தெரிகிறது. "பாத்து ஓட்டிக்கலாம்ணே" என்கிறார் கிளீனர்.

எதைப் பார்த்து ஓட்டுவது?

வேப்பூர் சின்ன ஊர்தான். ஆனால் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும், விருத்தாசலம் வழியாகக் கடலூரில் இருந்து சேலம் போகும் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. தீபாவளி நெருங்கினால் இருட்டோடு இருட்டாக ஆடு ஏற்றிய வண்டிகள் வந்து குவியும். அந்த நேரம் பார்த்துத்தான் மழையும் கொட்டும்.

60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடி விடுகிறது. கண்ணாடி இரண்டு விநாடி மறைந்தால் 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அந்த 33 மீட்டருக்குள் ஓரமாக ஒரு சைக்கிள்காரர் போய்க்கொண்டு இருக்கலாம்.

ஏன் துள்ளுகிறது?

வைப்பர் ரப்பரின் நுனி நாக்கு மாதிரி மெல்லியது. போகும்போது ஒரு பக்கம் சாய வேண்டும். திரும்பும்போது மறுபக்கம் மடங்க வேண்டும். கோடை முழுக்க வெயிலில் ஒரே நிலையில் கிடந்தால் நாக்கு ஒரு பக்கமாகவே விறைத்து விடும். அப்புறம் போகும்போது வழுக்கிக்கொண்டு போகும். திரும்பும்போது தடதடவென்று குதிக்கும். இதற்கு மருந்து கிடையாது. ரப்பரை மாற்ற வேண்டியதுதான்.

புது ரப்பர் போட்டும் துள்ளினால் கையில் கோளாறு. பழைய வண்டிகளில் கிளீனர் கண்ணாடி துடைக்கும்போது வைப்பர் கையைப் பிடித்து இழுத்து இழுத்து அது முறுக்கிக்கொண்டு இருக்கும். கண்ணாடியின் நடுவில் வரும்போது ரப்பர் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் கையை நூலளவு திருகி நேராக்க வேண்டும். நல்ல மெக்கானிக்குக்கு ஐந்து நிமிஷ வேலை. கையைப் பிடித்து ஆட்டும்போது லொடலொடவென்று ஆடினால் உள்ளே கம்பி மூட்டில் புஷ் தேய்ந்து விட்டது என்று அர்த்தம். ராத்திரி ஹெட்லைட் போட்டதும் வைப்பர் சோர்ந்து நகர்கிறதா? மோட்டாரைக் குறை சொல்லும் முன் பேட்டரியையும், எர்த் ஒயர் துருப்பிடித்து இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கோடு விழுவது வேறு கதை. மெல்லிய கோடு என்றால் ரப்பர் நுனி கிழிந்து இருக்கும், அல்லது மண் ஒட்டி இருக்கும். அகலமாக ஒரு பட்டை துடைபடாமல் நின்றால் கையின் ஸ்பிரிங் தளர்ந்து விட்டது, அல்லது பிளேடு வளைந்து விட்டது. புகை படிந்த மாதிரி மங்கினால் கண்ணாடியில் எண்ணெய்ப் பசை. முன்னால் போகும் வண்டிகளின் டீசல் புகைதான் அப்படிப் படிகிறது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குக் களிமண் ஏற்றிப் போகும் வண்டிக்கு இன்னொரு தொல்லை. களிமண் தூசி கண்ணாடியில் மாவு மாதிரி படியும். காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டால் தூசியோடு இருக்கும் மணல் கண்ணாடியைக் கீறும், ரப்பரையும் அறுக்கும். பூஜைச் சந்தனமும் காய்ந்தால் அதே கதைதான். முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர். ரப்பர் நுனியையும் அதே துணியால் ஒரு இழுப்பு.

சிலர் டீசலைத் தொட்டுத் துடைக்கிறார்கள். பளபளவென்று இருக்கும், மழை பட்டதும் பசை பரவும், ரப்பரும் கெடும். புகையிலையைக் கசக்கித் தேய்ப்பதும் உண்டு. அவசரத்துக்குக் கொஞ்ச தூரம் ஓடலாம். திருச்சி வரைக்கும் ஓட முடியுமா?

வைப்பர் கண்டுபிடித்தவர் ஒரு பெண். அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் 1903-ல் காப்புரிமை வாங்கினார். நியூயார்க்கில் பனி கொட்டும்போது டிராம் டிரைவர் பட்ட பாட்டைப் பார்த்து வந்த யோசனை அது. அவர் செய்ததும் கையால் இழுக்கிற நெம்புகோலும் ஒரு ரப்பர் பட்டையும்தான்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் வந்தன. ஒழுங்காக வேலை செய்யும் வைப்பர் வண்டியில் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கும் பஸ்சுக்கும் வருஷா வருஷம் எப்.சி. எடுக்க வேண்டும். சரிதான். ஆனால் பங்குனியில் பாஸ் ஆன ரப்பர் அக்கினி நட்சத்திர வெயிலைத் தாண்டி ஐப்பசியில் எப்படி இருக்கும்?

போலீசாரும் போக்குவரத்து அதிகாரிகளும் அக்டோபரில் ஒரு நாள் கூட்டு ரோட்டில் நிற்கட்டும். ஒரு செம்புத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி, "வைப்பரைப் போடுய்யா" என்று சொன்னால் போதும். முதல் தடவை அபராதம் வேண்டாம். ரப்பரை மாற்றிக்கொண்டு போகச் சொல்லலாம்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. டிரைவர் ரப்பர் கேட்டால் "அடுத்த நடைக்குப் பாக்கலாம்" என்று இழுக்காதீர்கள். ஊரையே அலற வைக்கும் ஏர் ஹாரனுக்குக் கொட்டுகிற காசில் ரப்பரைப் பல தடவை மாற்றலாம். பூஜைக்குப் பூசணிக்காய் வாங்கும்போதே ஒரு ஜோடி ரப்பரும் வாங்கி விடுங்கள்.

மாற்றியதும், கழற்றிய பழைய ரப்பரைக் கிளீனர் "எதுக்காவது ஆகும்" என்று சீட்டுக்கு அடியில் சொருகி வைப்பார். அதை வாங்கித் தூர எறியுங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் அதுதான் வண்டியில் ஏறும்.