நரம்பைக் கெடுத்தது மாத்திரையா?

"அந்த மாத்திரைதான் என் நரம்பைக் கெடுத்துடுச்சு. விட்டதும் வலி ரெண்டு மடங்காயிடுச்சு பாருங்க." வானகரம்–அம்பத்தூர் சாலையில், அயனம்பாக்கம் பக்கத்து மருந்துக்கடைகளில் சற்று நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பல வருஷம் லேத் முன்னால் நின்று இடுப்பு போனவராக இருப்பார். அல்லது சர்க்கரை நோயால் இரவெல்லாம் பாதம் எரிகிற ஓர் அம்மாவாக இருப்பார். பக்கத்தில் நிற்பவரும் விடமாட்டார்: "எங்க மாமியாருக்கும் இப்படித்தான்மா ஆச்சு. அதைத் தொடவே கூடாது." ஒருவர் சொல்லி இன்னொருவர் ஆமோதித்து, ஒரு தவறான முடிவு ஊர் அனுபவமாகவே நிலைபெற்றுவிட்டது.

அவர்களுடைய வலியை நான் மறுக்கவில்லை. அது உண்மையான வலி. வீட்டில் சிலர் சொல்வதுபோல நடிப்போ, மனப்பிரமையோ அல்ல. நான் மறுப்பது அந்த வலியிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவை. மாத்திரையை விட்ட மறுநாள் வலி எகிறினால், மாத்திரை நரம்பை அழித்துவிட்டது என்று பொருளில்லை. சட்டென்று நிறுத்தினார்கள், அதன் விளைவு அது.

பெரும்பாலும் பேச்சில் அடிபடும் மருந்து பிரீகாபலின். அதற்கு மூத்தது காபாபென்டின்; அது 1993-இன் இறுதியில் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கான மருந்தாக அனுமதி பெற்றது. பிரீகாபலின் 2004-இல் வந்தது. நம் ஊரில் இதைப் பெரும்பாலும் மெத்தில்கோபாலமின் என்னும் பி12 வைட்டமினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள்: 75 மில்லிகிராம் பிரீகாபலின், 750 மைக்ரோகிராம் பி12. குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. வைட்டமின் கலந்திருப்பதால் வாங்குபவர் அதைச் சத்து மாத்திரை என்று நினைத்துக்கொள்கிறார். சத்து மாத்திரையை எப்போது விட்டால் என்ன? அட்டை தீர்ந்தால் சம்பளம் வரும்வரை விட்டுவிடலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மறந்துவிட்டுப் போகலாம். நாலு நாள் கழித்துப் பார்த்தால் கால் தீப்பிடித்ததுபோல எரிகிறது.

உள்ளே நடப்பது இதுதான். நரம்பின் நுனியில் கால்சியம் உள்ளே போகும் வாயில்கள் உண்டு. கால்சியம் போனால்தான் வலியை அடுத்த நரம்புக்குச் சொல்லும் வேதிப்பொருள்கள் வெளியே வரும். பிரீகாபலின் அந்த வாயிலின் ஒரு பகுதியில் ஒட்டிக்கொண்டு வரத்தைக் குறைக்கிறது. நரம்பை அது குணப்படுத்துவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. மாதக்கணக்கில் இப்படிக் குறைந்த வரத்துக்கு உடம்பு தன்னைப் பழக்கிக்கொள்கிறது. மருந்தோ, சிறுநீரகம் சரியாக இருப்பவர் உடம்பில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலானால் பாதியாகிவிடும். இரண்டு நாளில் ஏறக்குறைய முழுதும் சிறுநீரில் போய்விடும். ஏரி மதகை ஒரேயடியாகத் தூக்கினால் வாய்க்கால் வரப்பு மீறி ஓடும். அதைப் பார்த்து ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார்.

இது என் ஊகம் அல்ல. பிரீகாபலினுக்கான ஐரோப்பிய மருந்துக் குறிப்பிலேயே, நிறுத்தும்போது வரக்கூடிய தொல்லைகளின் பட்டியல் இருக்கிறது. தூக்கமின்மை, தலைவலி, குமட்டல், பதற்றம், வயிற்றுப்போக்கு, அதிக வியர்வை, தலைசுற்றல், வலிப்பு ஆகியவற்றோடு 'வலி' என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. எந்த நோய்க்காக எடுத்திருந்தாலும் குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. நரம்பு வலிக்குத் தரும் டுலாக்ஸெட்டினும் இப்படித்தான். திடீரென்று விட்டால் உடம்பில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது என்று சொல்பவர்கள் பலர்.

இந்தத் தவறான முடிவுக்கு அடியில் இன்னும் பழைய நம்பிக்கை ஒன்று கிடக்கிறது. வலி எவ்வளவோ சேதமும் அவ்வளவு என்பதே அது. அதை உடைத்துக் காட்டியவர்களில் ஒருவர் நம் மண்ணிலேயே பிறந்தவர். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. உணர்ச்சி போன கையில் பட்ட காயம் தெரியாததால்தான் விரல்கள் போகின்றன என்று பிராண்ட் கண்டார். சிலருக்கு இரவோடு இரவாக விரல் நுனி காணாமல் போனது. தூங்கும்போது எலி கடித்திருக்கிறது, அவர்களுக்கு வலிக்கவே இல்லை. பிறகு நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுத்தார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தைக் காட்டியவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். வெட்டி எடுத்துவிட்ட கையில் வலி இருப்பவர்களை அவர் ஆராய்ந்தார். கையே இல்லை, ஆனால் இறுக மூடிய முஷ்டி வலிக்கிறது. கண்ணாடி வைத்த பெட்டிக்குள் நல்ல கையை நுழைத்து, போன கை விரிவதுபோலக் காட்டியதும் சிலருக்கு அந்த வலி தளர்ந்தது. வேலூரில் காயம் இருந்தது, வலி இல்லை. இங்கே வலி இருந்தது, கை இல்லை. அப்படியிருக்க, வலியின் அளவை மட்டும் வைத்து நரம்பு கெட்டதென்று எப்படிச் சொல்வது?

புதுச் சேதம் இல்லாமலே வலி எப்படிக் கூடும்? 1983-இல் வலி ஆய்வாளர் கிளிஃபர்ட் வுல்ஃப், வலி வரும் வழியில் தண்டுவடமே செய்தியைப் பெருக்கிவிட முடியும் என்று எலிகளில் நிறுவினார். அப்படிப் பெருகும்போது வலிக்கக்கூடாததும் வலிக்கும். போர்வை பட்டால் எரியும், ஃபேன் காற்று பட்டால் குத்தும்.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், தவறான முடிவு உடம்பில் வந்து முடிகிறது என்பதுதான். நரம்பு கெட்டுவிட்டது என்று நம்பியவர் அவசியமில்லாத ஸ்கேனுக்கு ஓடுகிறார். யாரோ சொன்ன ஊசியைப் போட்டுக்கொள்கிறார். சர்க்கரைக்காரர் எரிகிற காலை வெந்நீர் பேசினில் வைக்கிறார். அதே பாதம் ஓரிடத்தில் எரியும், இன்னோரிடத்தில் மரத்திருக்கும். மரத்த இடம் வெந்தது கொப்புளம் கண்ட பிறகே தெரியும். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இதைச் சில்லறைத் தவறு என்று ஒதுக்க முடியாது.

"விட்டா வலிக்குதுன்னா அடிமையாயிட்டோம்னுதானே அர்த்தம்?" என்று கேட்கிறார்கள். சென்னையில் போதைக்காக வலி நிவாரணி மாத்திரை விற்றவர்கள் கைது என்று அடிக்கடி செய்தி வருவதால், வலி மாத்திரை என்றாலே குற்றம் என்ற அச்சம் பரவியிருக்கிறது. அந்தச் செய்திகளில் அதிகம் வருவது டபென்டடால். அது ஓபியம் வகையைப் போல வேலை செய்யும் வேறு மருந்து. பிரீகாபலினையும் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. பிரிட்டன் 2019 ஏப்ரல் முதல் அதைக் கட்டுப்பாட்டு மருந்தாக்கியது. ஆனால் மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தவரின் உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, வெறியோடு அளவை ஏற்றிக்கொண்டே போவது வேறு. பாதம் எரிகிற ஓர் அம்மாவைப் போதைக்காரி என்று நினைக்கவைக்கும் பேச்சை நான் கொடுமை என்றே சொல்வேன்.

மாத்திரையை விட்ட பின் வரும் வலி எல்லாமே இந்த வகை என்று சொல்லமாட்டேன். பழைய வலியே திரும்பி வந்திருக்கலாம், நோயும் முற்றியிருக்கலாம். நிறுத்திய ஓரிரு நாளில், தூக்கமின்மை, வியர்வை, பதற்றத்தோடு சேர்ந்து கிளம்பினால் நிறுத்தியதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். கால் பலமிழந்தால், சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனால், காய்ச்சல் அடித்தால், பாதத்தில் புண் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிப்புக்காக எடுப்பவர் ஒரு வேளைகூட விடக்கூடாது.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைத்து வெளியே வரலாம். நெடுநாள் எடுத்தவர்களுக்கு அது வாரங்களோ மாதங்களோ ஆகலாம். பிளேடால் மாத்திரையை நறுக்கிச் சொந்தமாகக் குறைப்பது ஆகாது. மெதுவாகக் கரையும்படி செய்த எஸ்.ஆர். வகையை வெட்டினால் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

நோயாளியை மட்டும் குறை சொன்னால் நான் பாதியை மறைத்தவனாவேன். நம் சீட்டுகளில் 0-0-1 என்று இருக்கும், பத்து நாள் என்று இருக்கும். பதினோராம் நாள் என்ன செய்வது என்று இருக்காது. இரத்த அழுத்தம் பார்க்கிற நேரத்தில் ஒரு வரி எழுதலாம்: 'தானாக நிறுத்தாதீர்கள். தீருவதற்கு மூன்று நாள் முன்பே வாருங்கள்.' மருந்துக்கடைக்காரரும் அட்டையைக் கொடுக்கும்போது இதையே வாயால் சொல்லலாம். இரண்டுக்கும் செலவு கிடையாது. அடுத்த முறை சீட்டில் அந்த வரி இல்லையென்றால், எழுந்து வரும் முன்பு கேளுங்கள்: "டாக்டர், இதை எப்படி நிறுத்துறது?"