நோவு கையில், காரணம் கழுத்தில்



குடத்தைத் தூக்கிய தாய், தோள் முதல் விரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் வலிக்கிறது என்கிறாள். கையில் வீக்கமில்லை, காயமில்லை. ஆகவே அது வெறும் பாசாங்கு எனக் கருதும் இல்லத்தாரும் உளர். அது பெருந்தவறு.

கழுத்தில் 7 எலும்புகளும், அங்கிருந்து இருபுறமும் பிரியும் 8 இணை நரம்புகளும் உள்ளன. எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த வட்டு பிதுங்கினாலோ, முதுமையில் எலும்பின் ஓரம் வளர்ந்தாலோ, நரம்பின் வேர் நெருக்குண்ணும். 6ஆம் நரம்பாயின் கட்டைவிரலும், 7ஆம் நரம்பாயின் நடுவிரலும், 8ஆம் நரம்பாயின் சுண்டுவிரலும் மரத்துப்போவது இயல்பு. கையில் மட்டும் தைலம் தேய்த்தால் கழுத்திலுள்ள காரணம் நீங்குமா?

பெரும்பாலோர்க்கு அறுவை சிகிச்சையின்றியே சில வாரங்களில் நலம் கிட்டுகிறது. ஆயினும் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பதைத் தவிர்ப்போம். கை வலுவிழந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடக்க இயலாது போனாலோ உடனே மருத்துவரை நாடுவோம். கை வலியோடு நெஞ்சு இறுகி வியர்த்தால் அது இதய நோயாக இருக்கக்கூடும், கணமும் தாமதிக்கலாகாது.

கண்ணுக்குத் தெரியாத நோவும் நோவே. முதலில் நோயுற்றவரை நம்புவோம். குடத்தை நாமே தூக்குவோம்.