போசனப்பிரியமும் மெலிவு மாத்திரையும்

ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் ராகம் போட்டு ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம். அகங்காரம், காய்மகாரம், சோம்பல் இவற்றோடு போசனப்பிரியமும் அந்த வரிசையில் நிற்கிறது. ஏனைய ஆறும் உள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ள வல்லவை. பொறாமைக்காரனை முகம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உலோபியின் இடுப்பளவு அவனைக் காட்டிக்கொடுப்பதில்லை. போசனப்பிரியம் மட்டும் உடலிலேயே எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கை தவறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. அதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியாற்றிய ஒரு கடற்கரைப் பங்கில், சில ஆண்டுகளுக்கு முன் தவக்கால முதல் வாரத்தில் மறையுரை ஆற்றிக்கொண்டிருந்தேன். உடல் மெலிய ஒரு புது மருந்து வரப்போகிறது என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்த வேளை அது. "தட்டின் முன் கையை நிறுத்தத் தெரியாதவன் மாத்திரைக்காக அரசாங்கத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், நாற்பது நாள் நோன்பிருந்தால் போதாதா?" என்றேன். சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு கருவாட்டு வியாபாரிப் பெண்ணை. எனக்கு அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. மறையுரை எடுபட்டது என்றே மகிழ்ந்தேன்.

பூசை முடிந்து அவர் சக்ரீஸ்து வாசலுக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை. "சாமி, நான் விடியக்காலம் ஒரு செம்பு நீத்தண்ணி குடிச்சிட்டு ஏலக்கூடத்துக்குப் போறவ. மத்தியானம் ஒரு நேரம் சோறு. இதுல எதைக் குறைக்கச் சொல்லுதீக?" என்றார். பதில் என்னிடம் இல்லை. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டென்றும், முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன என்றும், 'மூலிகைப் பொடி' என்று தபாலில் வந்த ஏதோ ஒன்றைத் தின்று நெஞ்சு படபடத்து மருத்துவமனையில் இரண்டு இரவு கிடந்தாரென்றும் பின்னர் பிறர் வழியாக அறிந்தேன். அடுத்த ஞாயிறு முதல் அவர் தூணுக்குப் பின்னால் அமரத் தொடங்கினார்.

அந்தத் தூண்தான் என்னைப் படிக்க வைத்தது. போசனப்பிரியம் என்றால் என்ன? ஏழு பாவங்களின் பட்டியலுக்கு வடிவம் தந்த பெரிய கிரகோரியார் அதன் வகைகள் ஐந்து என்கிறார்: உரிய நேரத்துக்கு முன்னே உண்பது, விலையுயர்ந்ததையே நாடி உண்பது, அளவு கடந்து உண்பது, பேராவலோடு உண்பது, ருசியும் பக்குவமும் பார்த்துப் பார்த்து உண்பது. ஐந்தில் எதிலாவது உடலின் பருமன் பேசப்படுகிறதா? இல்லை. அதையே விரித்து எழுதிய அக்குவினாசு தோமையார், குற்றம் உணவில் இல்லை, ஒழுங்கிழந்த ஆசையில் இருக்கிறது என்றார். அவரே பருத்த உடலினர் என்பதும், உடன் பயின்றவர்கள் அவரை ஊமை எருது என்று கேலி செய்தார்கள் என்பதும் மரபு. நம் ஆண்டவரையே போசனப்பிரியர் என்று தூற்றியவர்கள் இருந்தார்கள். மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் அவரே அதைச் சொல்லி வருந்துகிறார். நாம் அந்தத் தூற்றுவோர் கூட்டத்தில் அல்லவா போய் நின்றுவிட்டோம்!

உடல் பருப்பதற்கு மன உறுதியின் குறைவு ஒன்றே காரணமென்றால், தமிழ்நாட்டில் மன உறுதி ஐந்தே ஆண்டுகளில் சரிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். 2015-16ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வில் நம் மாநிலத்துப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் மிகை எடை உடையவர்கள்; 2019-21 ஆய்வில் அது 40.4 விழுக்காடு. பாவம் இவ்வளவு விரைவாகப் பரவுவதில்லை. பரவியது வாழ்க்கை முறை. துடுப்பு வலித்த கை இன்று இயந்திரப் படகின் சுக்கானைப் பிடிக்கிறது. கேழ்வரகும் கம்பும் இருந்த அடுக்களையில் வெள்ளை அரிசியும் சீனியும் பாமாயிலும் இருக்கின்றன. இரவானால் தூத்துக்குடித் தெருக்களில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவின் மணம். (அதை நானும் விட்டதில்லை. என் உடல் மெலிந்தது. அது என் புண்ணியத்தால் அன்று, என் தகப்பனாரின் உடல்வாகால்.) இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயாளிகள் என்கிறது. இத்தனை பேரையும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அனுப்பித் தீர்க்க முடியுமா?

இனி அந்த மருந்து. உணவு குடலை அடைந்ததும் அங்கே சுரக்கும் ஓர் இயக்குநீர், 'போதும்' என்ற செய்தியை மூளைக்குக் கொண்டு செல்கிறது. இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. இயற்கையான சுரப்பு சில நிமிடங்களில் அழிந்துவிடும். அதைப் போலவே செயற்பட்டு நெடுநேரம் நிலைக்கும்படி வடிவமைத்த மூலக்கூறுகளில் ஒன்று செமகுளூடைடு. முதலில் ஊசியாக வந்தது. மாத்திரை வடிவம் சர்க்கரை நோய்க்கென 2022 ஜனவரியில் இந்தியச் சந்தைக்கு வந்தது. எடைக் குறைப்புக்கென்றே அதன் வீரியமிக்க மாத்திரைக்கு அமெரிக்கா 2025 டிசம்பர் 22 அன்று அனுமதி அளித்தது. 64 வாரச் சோதனையில் சராசரியாக 13.6 விழுக்காடு எடை குறைந்தது என்பது அதற்கான ஆதாரம். வெறும் வயிற்றில் சிறிதளவு தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரம் எதுவும் உண்ணாமல் இருக்க வேண்டும். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம் காக்கும் நமக்கு அது ஒன்றும் கடினமன்று.

அன்று முதல் 'இங்கே எப்போது?' என்ற கேள்வி ஓய்ந்தபாடில்லை. காத்திருப்போரை இகழ்வோர் ஒருபுறம். 'எதற்குக் காத்திருக்க வேண்டும்? அமெரிக்கன் தின்கிறான், நமக்கென்ன அனுமதி?' என்போர் மறுபுறம். முதல் கூட்டத்தில் நான் இருந்திருக்கிறேன். இரண்டாம் கூட்டத்தோடுதான் இப்போது எனக்கு வழக்கு.

காத்திருத்தல் என்பதை இந்தக் கடற்கரைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முத்துப்பார்களில் சிப்பி நிறைந்து கிடக்கிறது என்று தெரிந்தவுடன் எவரும் குதித்துவிடவில்லை. சிப்பி முதிர நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். அதிகாரிகள் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துக்களை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவார்கள். அதன்பின்னரே சலாபம் கூறப்படும். முதிராத பாரில் கைவைத்தால் முத்தும் இல்லை, அடுத்த தலைமுறைச் சிப்பியும் இல்லை. சலாபம் கூறப்படாமலே கழிந்த ஆண்டுகள்தாம் நம் வரலாற்றில் மிகுதி. 1961க்குப் பின் தூத்துக்குடியில் அது கூறப்படவே இல்லை. அதற்காக, சோதனை வீண் என்று எந்தச் சம்மாட்டியாவது சொன்னதுண்டா?

மெலிவு மருந்துகளின் வரலாறு முதிராத பாரில் குதித்தவர்களின் வரலாறு. 1930களில் டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளை அமெரிக்காவில் கடைகளில் விற்றார்கள். விற்க அன்றைய சட்டப்படி எவர் அனுமதியும் தேவையில்லை. எடை குறைந்தது, கண்ணில் புரை விழுந்து இளம் பெண்கள் பார்வையிழந்தார்கள், உடற்சூடு ஏறிச் சிலர் மாண்டார்கள். 1938இல்தான் புதிய மருந்தின் பாதுகாப்பை முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது. பின்னர் ஃபென்ஃபுளூரமின்: இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997 செப்டம்பரில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நம் நாட்டுத் தடை 1998 ஆகஸ்டில். ரிமோனபன்ட்: 2006இல் ஐரோப்பா அனுமதித்தது, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தருகிறது என்று 2007இல் அமெரிக்க வல்லுநர் குழு கைவிரித்தது, 2008 அக்டோபரில் ஐரோப்பாவும் நிறுத்தியது. நம் தடை 2009 டிசம்பரில். சிபுட்ரமின்: மாரடைப்பும் பக்கவாதமும் மிகுவதால் 2010 ஜனவரியில் ஐரோப்பா நிறுத்திவைத்தது. நம் தடை 2011 பிப்ரவரியில். ஒவ்வொரு முறையும் நாம் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியே விழித்தோம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஓராண்டில் விழுங்கியவர்களைக் கணக்கெடுத்தவர் யார்? தடைக்குப் பின்னும் சிபுட்ரமின் சாகவில்லை. 'முழுக்க மூலிகை' என்று விற்கப்படும் மெலிவுப் பொடிகளில் அது ஒளிந்திருப்பதை உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் மீண்டும் மீண்டும் கண்டறிந்துள்ளன. நம் கருவாட்டுக்காரப் பெண்ணின் பொடியில் என்ன இருந்தது என்று எவரும் சோதிக்கவில்லை.

எனவே அனுமதிக்குக் காத்திருப்பது அறிவீனம் அன்று. ஆனால் அனுமதி வழங்கும் இடம் எப்படி இருக்கிறது? முத்துக்குளிப்பவர் கல்லைக் காலில் மாட்டி ஆழத்தில் இறங்கும்போது, மேலே கயிறு பிடிக்கும் பொறுப்பை மனைவியின் உடன்பிறந்தானிடமே ஒப்படைப்பார் என்று நம்மூரில் சொல்வார்கள். தங்கை தாலியறுக்கக் கூடாதே என்ற பயம் மச்சானின் கையைத் தளரவிடாதாம். மருந்து விழுங்கும் ஏழைக்குக் கயிறு பிடிக்க வேண்டியது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. 2012 மே மாதம் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 59ஆம் அறிக்கையில் அந்த அமைப்பைப் பற்றி எழுதியதை இன்று படித்தாலும் நெஞ்சு பதறுகிறது. 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை முப்பதுக்கும் மேற்பட்ட புதிய மருந்துகள் இந்திய நோயாளிகளிடம் சோதனையே நடத்தாமல் அனுமதிக்கப்பட்டிருந்தன. வெவ்வேறு ஊர்களிலிருந்து வல்லுநர்கள் எழுதியதாகச் சொல்லப்பட்ட பரிந்துரைக் கடிதங்கள் ஒரே அச்சாக இருந்தன. மச்சான் தூங்கியது மட்டுமன்று, கயிற்றின் மறுமுனையைக் கம்பெனிக்காரன் கையில் கொடுத்துவிட்டான் என்றே குழுவினர் ஐயுற்றார்கள்.

பின்னர் 2019இல் புதிய விதிகள் வந்தன. நிலைமை ஓரளவு சீர்பட்டது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் 2024 ஆகஸ்டில், அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை ஏற்ற சில வகை மருந்துகளுக்கு இங்கே சோதனை விலக்கு அளிக்கலாம் என்று ஆணை பிறந்திருக்கிறது. அரிய நோய்க் குழந்தைக்கு அது வரம். அதை எதிர்ப்பது கொடுமை. ஆனால் கோடிக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் விழுங்கப்போகும் மாத்திரைக்கு அந்த வாசல் திறக்கப்படலாகாது என்பது என் கட்சி. மேலை நாட்டாரைவிடக் குறைந்த எடையிலேயே நம்மவருக்குச் சர்க்கரை வருகிறது; நம் உடலில் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு மிகுதி. இம்மருந்துகளால் கொழுப்போடு தசையும் கரைகிறது. நிறுத்தினால் ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிடுவதை ஊசிமருந்தின் ஆய்வு காட்டியது. உப்பளத்தில் வரப்பு மிதிக்கும் பெண்ணுக்குத் தசை கரைந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கச் சோதனை சொல்லாது.

கிரகோரியாரின் பட்டியலில் முதலில் நிற்பது உரிய நேரத்துக்கு முன்னே உண்பது என்று பார்த்தோம். இந்தக் கதையில் அந்தப் பாவத்தைச் செய்பவர் யார்? மருந்துச் சீட்டு இல்லாமலே ஊசியை எடுத்து நீட்டும் கடைக்காரர். திருமணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க வெளிநாட்டிலிருந்து பெட்டியில் தருவிக்கும் வசதி படைத்தோர். 'முப்பது நாளில் மெலிவு' என்று சுவரொட்டி ஒட்டுவோர். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் உடற்பருமனும் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். சலாபத்தில் சுறாவின் வாயைக் கட்ட 'கடல்கட்டி'க்கு ஆங்கில அரசே கூலி கொடுத்ததைச் சொல்லிச் சிரிக்கிறோம். நம் பேருந்து நிலையச் சுவர்களைப் பார்த்தால் அந்தச் சிரிப்பு அடங்கும். நம் ஆலயத் திருவிழா மலர்களிலும் இத்தகைய விளம்பரங்கள் வருகின்றன. பனிமய மாதாவின் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மெலிவுத் தைலம்! விளம்பரம் வாங்கும் பங்குப் பேரவையினர் இனிமேலாவது அதை மறுக்க வேண்டும்.

கிரகோரியார் சொன்ன இரண்டாவது வகை, விலையுயர்ந்ததை நாடுவது. டிர்செபடைடு ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் மிகக் குறைந்த அளவுக் குப்பி 3,500 ரூபாயாக இருந்தது. வாரம் ஒன்று வேண்டும். அன்று மாதம் பதினாலாயிரம் கொடுக்க நம் மீனவக் குடும்பத்தில் எவரால் முடிந்திருக்கும்? செமகுளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிவுற்றது. இனி உள்நாட்டு நிறுவனங்கள் மலிவாகத் தர முடியும், தரவேண்டும். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. முறையாகச் சோதிக்கப்பட்டு அனுமதி பெறும் மருந்து, மருத்துவர் தேவை எனக் காணும் ஏழைக்கு அந்தப் பையிலேயே வரவேண்டும் என்று கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது. சீராக் ஞான நூலின் 38ஆம் அதிகாரம் மருந்தை ஆண்டவரே மண்ணிலிருந்து படைத்தார் என்கிறது. விலை கட்ட வல்லவனுக்கு மட்டும் படைத்தார் என்று அதில் இல்லை.

மாறுதலாகிப் பல காலம் கழித்து, சென்ற ஆண்டு ஓர் அடக்கத் திருப்பலிக்காக அந்தப் பங்குக்குப் போயிருந்தேன். அவர் தடியூன்றி வந்தார். அன்றைய மறையுரைக்காக மன்னிப்புக் கேட்டேன். "அதை எப்பவோ மறந்தாச்சு சாமி" என்று சிரித்தார். மறந்தவர் தூணுக்குப் பின்னால்தான் அமர்ந்திருந்தார். மகள் வளைகுடாவிலிருந்து தொலைபேசியில் மாத்திரையைப் பற்றிச் சொன்னதாகவும், தெரிந்தவர் மூலம் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டதாகவும் சொன்னார். வேண்டாம், இங்கே டாக்டர் எழுதித் தரும் காலம் வரட்டும், அதுவரை பொறுங்கள் என்றேன். சற்று நேரம் தடியையே பார்த்திருந்துவிட்டு, "நான் பொறுத்துக்கிடுவேன் சாமி. முட்டு பொறுக்குமா?" என்று கேட்டார்.