மொதல்ல பேச்சு வெளங்கணும், அப்புறம் குண்டு வெடிக்கட்டும்



போன வாரம் வாழைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு வரப்புல உக்காந்திருந்தேன். எங்க தெரு மாப்ள ஒருத்தன் வண்டிய நிறுத்திட்டு வந்தான். புதுசா வீடு கட்டி, தை மாசம் பால் காய்ச்சினவன்.

"மாமா, ஹால்ல பெரிய டிவி மாட்டியாச்சு. அடுத்து ஹோம் தியேட்டர்தான். பத்தாயிரம் எடுத்து வச்சிருக்கேன். நாலாயிரம் வாட்ஸ்னு போட்டு ஒரு செட்டு பாத்தேன், ஆறு பெட்டி. எடுத்துரலாமா?"

"எடுக்காத மாப்ள" என்றேன். ஏன்னு சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆச்சு. அவனை மாதிரி யோசிக்கிறவங்க நம்ம சின்னமனூர்லயும் சுத்துப்பட்டியிலயும் நிறையப் பேர் இருப்பாங்க. அதனால அந்தப் பேச்சை இங்கயே எழுதிடுறேன். நான் ரேடியோ மெக்கானிக் இல்ல. படிச்சது பத்தாவது. ஆனா இந்த விஷயத்துல காசைத் தொலைச்சுப் பாடம் படிச்சவன்.

நாலு வருசத்துக்கு முன்னாடி வாழைக்கு நல்ல விலை கிடைச்சது. அந்தக் கையோட ஒரு 5.1 செட்டு வாங்கினேன். ஒன்பதாயிரத்து ஐநூறு ரூபாய். ஆறு பெட்டி, முன்னாடி நீல லைட்டு. கடைக்காரர் ஒரு சண்டைக் காட்சியப் போட்டுக் காமிச்சார். நெஞ்சுக்குள்ள குத்துச்சு. அதுலயே மயங்கிட்டேன்.

வீட்டுல மாட்டின அன்னைக்குத் தெருவே வந்து பாத்துச்சு. அலமாரியில எவர்சில்வர் பாத்திரமெல்லாம் ஜதி போட்டுச்சு. எனக்குப் பெருமை தாங்கல. எங்க அம்மா மட்டும் பத்து நிமிசம் உக்காந்து பாத்துட்டு, "என்னப்பா, இடி இடிக்கிற மாதிரியே இருக்கு. என்ன பேசுறாகன்னே வெளங்கலயே"ன்னு சொல்லி, பாயை எடுத்துக்கிட்டுத் திண்ணைக்குப் போயிருச்சு. அம்மாவுக்கு அப்ப வயசு 76. காது மந்தம்தானேன்னு நான் சத்தத்தக் கூட்டி வச்சேன். அப்பவும் உள்ள வரல.

சத்தம் கூடுனதுல இன்னொண்ணும் நடந்துச்சு. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் ராத்திரி கதவைத் தட்டினார். சண்டைக்கு வரல. "அண்ணே, புள்ளைக்கு ப்ளஸ் டூ பரீட்சை" என்றார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு வெக்கமா இருந்திருக்காது. ராத்திரி பத்து மணியில இருந்து காலையில ஆறு மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ல சட்டவிதியே வந்துருச்சு. குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரியில 45 டெசிபல்தான் அளவு. திருவிழாவுக்கு மட்டும்தான் அதெல்லாம்னு நாம நினைச்சுக்கிறோம். ஒட்டு ஒட்டா வீடு இருக்கிற தெருவுல நம்ம ஹாலும் ஒரு ஒலிபெருக்கிதான்.

எட்டாவது மாசம் செட்டுல உர்ருன்னு ஒரு இரைச்சல் வந்துச்சு. அப்புறம் ஒரு பக்கம் செத்துப் போச்சு. கொண்டு போனா, போர்டு போயிருச்சு, ரெண்டாயிரத்து ஐநூறு ஆகும்னாங்க. விட்டுட்டேன். அந்தப் பெரிய பெட்டியில இன்னைக்கு எங்க வீட்டுக் கோழி அடை படுத்திருக்கு. ஒன்பதாயிரத்து ஐநூறு ரூபாய்க்குக் கோழிக்கூடு கட்டினவன் இந்தக் கம்பம் பள்ளத்தாக்குல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

இதுக்கப்புறம்தான் அம்மாவக் கூட்டிக்கிட்டு க.விலக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன், காது பாக்க. அங்க பரிசோதிச்ச பொண்ணு பொறுமையா எடுத்துச் சொன்னுச்சு. வயசானா மொதல்ல போறது கீச்சுச் சத்தம். ச, த, ப மாதிரி எழுத்தோட ஓசையெல்லாம் மெலிசா மேல இருக்கும், அதுதான் கேக்காது. பறை, டமாரம் மாதிரி கனத்த சத்தம் நல்லாவே கேக்கும். அதனால பேசுறது கேக்கும், என்ன சொல்றாங்கன்னு மட்டும் பிடிபடாதாம்.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. கேக்கிற சத்தத்தக் கூட்டி, கேக்காத சத்தத்த அதுல முக்கியிருக்கேன். நான் கூட்டக் கூட்ட அம்மாவுக்குப் பேச்சு கொறஞ்சுக்கிட்டே போயிருக்கு. அது காது மட்டும் செஞ்ச குத்தம் இல்ல. நான் வாங்கின பெட்டியும்தான்.

அப்பத்தான் நம்ம ஊரு குழாய் ரேடியோ ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல கல்யாணம், காதுகுத்துன்னா புளியமரத்துல ரெண்டு குழாய் கட்டுவாங்க. மொய் எழுதுறவர் மைக்குல பேரும் ஊரும் தொகையும் வாசிப்பார். நாங்க வயக்காட்டுல களை எடுத்துக்கிட்டே, யாரு எவ்வளவு செஞ்சாங்கன்னு கேப்போம். அந்தக் குழாய்ல கனத்த சத்தம் அறவே வராது. தவில் அடிச்சாக்கூடத் தகரம் தட்டுற மாதிரித்தான் இருக்கும். ஆனா மனுசன் பேசுற சத்தம் எந்த இடத்துல இருக்கோ அந்த இடத்த மட்டும் அது பிடிச்சுக்கும். அதான் அரை மைலுக்கு அந்தப்பக்கமும் ஒரு எழுத்து விடாம வெளங்குச்சு. குழாய வீட்டுல மாட்டுங்கன்னு நான் சொல்லல. பேச்சு வெளங்குறதுக்கும் தரை அதிருறதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்ல வந்தேன்.

இனி மாப்ள கேட்ட கேள்விக்கு வர்றேன்.

மொதல்ல அந்த நாலாயிரம் வாட்ஸ். நம்ம கிணத்துல ஓடுற அஞ்சு ஹெச்பி மோட்டார் ஏறக்குறைய 3,700 வாட்ஸ். அதுக்கு மும்முனை கரண்டும் கட்டை விரல் தண்டிக்கு வயரும் வேணும். ரெண்டு முள்ளு பிளக்கும் நூல் மாதிரி வயரும் வச்சிருக்கிற பெட்டி அஞ்சு ஹெச்பிக்கு மேல தள்ளுமா? பெட்டிக்குப் பின்னாடி ஸ்டிக்கர்ல எத்தனை வாட் கரண்ட் எடுக்கும்னு போட்டிருக்கும். அது அறுபதுன்னு இருந்தா, அறுபதுக்கு மேல அது தொடர்ந்து சத்தமாத் தர முடியாது. அட்டையில பெருசாப் போடுறது பிஎம்பிஓ. கண்ணு மூடித் திறக்கிற நேரத்துக்கு வருதுன்னு அவங்கவங்க இஷ்டத்துக்குப் போட்டுக்கிற கணக்கு. நாம பாக்க வேண்டியது ஆர்எம்எஸ். தொடர்ந்து எவ்வளவு தரும்ங்கிறது அதுதான். ஆட்டோவுலயும் டேப்புலயும் எத்தனையோ வருசம் பாடின 4440 ஐசி இருக்கே, அது ஸ்டீரியோவுல பக்கத்துக்கு ஆறு வாட்தான் தரும். அதுக்கே ஆட்டோ அதிரலயா? வாட்ஸ ரெண்டு மடங்கு ஆக்கினா சத்தம் ரெண்டு மடங்கு ஆகாது, கொஞ்சூண்டுதான் கூடும். பன்னெண்டுக்குப் பத்து ஹாலுக்குப் பக்கத்துக்கு இருபது வாட் ஆர்எம்எஸ் தாராளம்.

ரெண்டாவது, ஆறு பெட்டி. அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர், அதான் 5.1. தியேட்டர்ல அது பெரிய விஷயம். நம்ம தமிழ்ல 1995-ல 'குருதிப்புனல்' டால்பியில வந்துச்சு, அடுத்த வருசம் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்ல வந்துச்சு. அதுக்கப்புறம் போஸ்டர்ல நடிகர் பேரைவிட டிடிஎஸ்ங்கிற எழுத்து பெருசா இருந்த காலமும் உண்டு. ஆனா வீட்டுல அது வேலை செய்யணும்னா படமும் 5.1-ல வரணும், டிவியில இருந்து ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி இல்லாட்டி ஆப்டிகல் வயர்ல வெளிய வரணும், அதைப் பிரிக்கிற டிகோடரும் செட்டுல இருக்கணும். கேபிள் சேனல்ல பெரும்பாலும் வர்றது ஸ்டீரியோதான். அதை வாங்கி ஆறு பெட்டிக்கும் பங்கு வச்சுக் கொடுக்கிறதைத்தான் விலை கம்மியான நிறைய செட்டு செய்யுது. அது ஒரு லிட்டர் பாலை ஆறு டம்ளர்ல ஊத்துற கதை. டம்ளர் கூடுனதால பால் கூடிராது. பத்தாயிரத்த ஆறு பெட்டிக்குப் பிரிச்சா ஒரு பெட்டிக்கு என்ன மிஞ்சும்? உள்ள மூணு இஞ்சுக் காகித ஸ்பீக்கர் ஒண்ணு, அவ்வளவுதான்.

அதே காசை ரெண்டே பெட்டியில போடுங்க. நாலு இஞ்சு ஊஃபர், அதுக்கு மேல நிஜமான ட்வீட்டர், கனமான மரப்பெட்டி, ஓரத்துல ஸ்பாஞ்சுக்குப் பதிலா ரப்பர் வளையம். ஸ்பாஞ்சு சில வருசத்துல பொடிஞ்சு கொட்டிரும். பாட்டுக்கும் இது போதும். நம்ம பண்ணைப்புரத்துக்காரர் 1978-ல 'ப்ரியா' படப் பாட்டை ஸ்டீரியோவுல பதிவு பண்ணினார். ஸ்டீரியோன்னா எடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு. ஒழுங்கான ரெண்டு பெட்டிய வச்சு நடுவுல உக்காந்தா, வயலின் ஒரு பக்கமும் கிட்டார் ஒரு பக்கமும் குரல் சரியா நடுவுலயும் நிக்கும். பெட்டியே இல்லாத இடத்துல இருந்து ஒருத்தர் பாடுவார். முதல் தடவை கேட்டப்ப டிவிக்குப் பின்னாடி எட்டிப் பாத்தேன்.

"பாஸ் இல்லாம என்ன மாமா படம்?" என்றான் மாப்ள. நியாயம்தான். சின்ன வயசு, கேக்கத்தான் செய்யும். சப் ஊஃபருக்குத் தனியா வாய் விட்டிருக்கிற செட்டாப் பாத்து வாங்கு, அடுத்த போகத்துல பெரிய பெட்டிய வாங்கி மாட்டிக்கன்னு சொன்னேன். வீடு கட்டுறப்ப மொதல்ல அஸ்திவாரம், அப்புறம்தானே எலிவேஷன்? அவன் அப்படித்தான் கட்டினான். இதுல மட்டும் தலைகீழாப் போறான்.

அசெம்பிள் செட்டே ஆகாதுன்னும் சொல்ல மாட்டேன். தொழில் தெரிஞ்சு நாணயமா கட்டித் தர்ற பயலுக நம்ம பக்கம் இருக்காங்க. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, மூணு வருசம் கழிச்சும் கழட்டிச் சரி பண்ணித் தருவான்னா தாராளமா அவன்கிட்டயே வாங்குங்க. உள்ளூர்ல சரி பண்ண ஆள் இருக்கிறதும் ஒரு தரம்தான்.

கடைக்குப் போறப்ப ஒண்ணு செய்யுங்க. அவங்க போடுற சண்டைக் காட்சிய வேணாம்னு சொல்லிட்டு, செய்தி வாசிக்கிறதப் போடச் சொல்லுங்க. சத்தத்தக் கொறச்சு வச்சு, பத்தடி தள்ளி நின்னு கேளுங்க. ஒவ்வொரு வார்த்தையும் வெளங்குதா? அப்புறம் உங்களுக்கு மனப்பாடமான ஒரு பழைய பாட்டு. இந்த ரெண்டுலயும் பாஸானா எடுங்க. கூடவே வீட்டுல வயசுல மூத்தவங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. சேலை எடுக்கக் கூட்டிட்டுப் போறோம்ல, இதுக்கு ஏன் கூடாது?

வாங்கின பிறகு காசில்லாம செய்யுற வேலை சிலது. ட்வீட்டர் காது உசரத்துல இருக்கணும், பரண்ல தூக்கி வைக்காதீங்க. ரெண்டு பெட்டிக்கும் உள்ள தூரமும் நீங்க உக்கார்ற தூரமும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கட்டும். மூலையில திணிச்சா கொடகொடன்னு கேக்கும், சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளுங்க. சிவப்பு வயரை சிவப்புலயே மாட்டுங்க, ஒரு பெட்டியில மாத்தி மாட்டினா கனத்த சத்தம் காணாமப் போயிரும். நம்ம ஊருக்குன்னு ரெண்டு: பெட்டியில இருக்கிற ஓட்டைக்குள்ள எலியும் பல்லியும் குடி போகும், கொசுவலைத் துணிய இழுத்துக் கட்டிருங்க. ஐப்பசி இடிக்கு கரண்ட் பிளக்கையும் கேபிள் வயரையும் சேத்துப் பிடுங்குங்க. இடி கேபிள் வழியாவும் வரும்.

நான் இந்தத் தடவை ரெண்டு பெட்டி செட்டு ஒண்ணு ஏழாயிரத்துக்கு வாங்கினேன். நீல லைட்டு கிடையாது. தெருவுல யாரும் வந்து பாக்கல. பக்கத்து வீட்டுத் தம்பியும் கதவைத் தட்டல. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில காது மெஷினும் கொடுத்திருக்காங்க, பாதி நாள் கழட்டி வச்சிரும். ஆனாலும் சாயங்காலம் ஆனா திண்ணையில இருந்து உள்ள வந்து நாற்காலியில உக்காந்துக்குது. சீரியல்ல பேசுறவங்களோட சண்டை போடுது. "அவ சொல்றதுல என்னடா தப்பு? அவன் ஏன் குதிக்கிறான்?"னு என்கிட்ட ஞாயம் கேக்குது. அந்தக் கதை எனக்குச் சுத்தமாப் புரியல. ஆனா கேக்குதே, அது போதும்.

மாப்ள இன்னும் முடிவு பண்ணல. அவனோட அப்பத்தாவையும் கடைக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருக்கான். பாப்போம்.

மும்முனை கரண்ட் வந்துருச்சு. மோட்டார் போடணும், வர்றேன்.