வகுப்பறையில் மட்டும் சாதி ஒழிந்துவிட்டது!

வல்லம் ஒன்றியத்தில் ஒரு கிராமத்துச் சேரியிலிருந்து அரசுப் பள்ளிக்கு நடந்துபோய்ப் படித்தவன் நான். ஒரு நாள் சமூக அறிவியல் வகுப்பு. "அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது" என்று வாசித்த ஆசிரியர், "ஒரு மார்க் கேள்வியில வரும், அடிக்கோடு போடுங்க" என்றார். போட்டோம். வகுப்பு முடிவதற்குள் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எஸ்சி பசங்கல்லாம் எழுந்து நில்லுங்க. ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு." ஒன்பது பேர் எழுந்து நின்றோம். மற்றவர்கள் உட்கார்ந்தபடி எங்களைப் பார்த்தார்கள். நான் போட்ட அடிக்கோட்டின் மை அப்போது காய்ந்திருந்ததா என்று தெரியவில்லை.

அதே வாரம் அறிவியல் வகுப்பில் ரத்த வகைகள். ஏ, பி, ஏபி, ஓ. யாருடைய ரத்தம் யாருக்குச் சேரும் என்று கரும்பலகையில் அட்டவணை. ஊர்த்தெருப் பையனுக்கு அவன் கூடப்பிறந்த அண்ணனின் ரத்தம் சேராமல் போகலாம், சேரிக்காரனான என் ரத்தம் சேரலாம். இது அந்த அட்டவணையிலேயே இருந்தது. அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இன்று பள்ளிப் பாடநூல்களின் வரலாற்றைத்தான் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன். எனக்குப் புரிந்தது இதுதான்: சமூக அறிவியல், சாதியை இறந்தகாலத்தில் நடத்துகிறது. அறிவியல், சாதியைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் சாதி பத்திரமாக இருக்கிறது.

இது நம் நாட்டின் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவைப் பாருங்கள். 1925இல் பரிணாமத்தைக் கற்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது வழக்குப் போட்டார்கள். முற்போக்காளர்கள் இன்றும் கொண்டாடும் வழக்கு. ஆனால் அவர் பயன்படுத்திய அதே உயிரியல் பாடநூல், மனித இனங்களை வரிசைப்படுத்தி வெள்ளையரை உச்சியில் வைத்தது! 1954இல் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைப் பள்ளிகளில் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகர உயர்நிலைப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைய ராணுவம் வர வேண்டியிருந்தது. அடுத்த மாதமே சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. பதறிப்போன அமெரிக்கா 1958இல் சட்டம் போட்டு அறிவியல், கணிதக் கல்விக்குப் பணத்தைக் கொட்டியது. அதே 1958இல் லிட்டில் ராக்கின் உயர்நிலைப் பள்ளிகளை ஒரு கல்வியாண்டு முழுக்க மூடியும் வைத்தார்கள். விண்வெளிக்குப் போட்டி போட்ட நாட்டில், கறுப்புப் பிள்ளை பக்கத்தில் உட்காரக் கூடாது என்பதற்காகப் பள்ளிக்குப் பூட்டு!

நம் கதையும் அதே காலத்தில்தான் நடந்தது. 1953இல் ராஜாஜி, அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பெரியார் இயக்கம் கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. பள்ளியின் கதவு திறந்தது. உள்ளே நடந்த பாடம்?

திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு எங்களைச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். இரண்டு கோடி ஆண்டுப் பழைய மரம் கல்லாகிக் கிடந்ததைப் பார்த்தோம். செஞ்சிக் கோட்டையில் தேசிங்கு ராஜா கதை கேட்டோம். ஆனால் 1978 ஜூலையில் எங்கள் விழுப்புரம் நகரத்திலேயே 12 தலித்துகள் கொல்லப்பட்டதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு கோடி ஆண்டுக்குப் பின்னோக்கிப் போக முடிந்த பள்ளியால், 1978க்குப் போக முடியவில்லை.

எந்தப் பாடம் ஆபத்தானது என்பது நம்மைவிட எதிரிக்கு நன்றாகத் தெரியும். 2019இல் என்சிஇஆர்டி, ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து நாடார் பெண்களின் தோள்சீலைப் போராட்டம் இருந்த அத்தியாயத்தையே நீக்கியது. 2023இல் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமத்தைத் தூக்கியது. ஒன்று சமூக அறிவியல், ஒன்று அறிவியல். 'பாடச்சுமை குறைப்பு' என்று பெயர் வேறு!

"பள்ளியில் சாதியைப் பேசினால் சாதி வளரும்" என்பார்கள் சிலர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனுடைய பள்ளி மாணவர்களே. அவர்களுக்குச் சாதியைப் பாடமாக நடத்தியது எந்த ஆசிரியர்? வீடும் தெருவும் கைக்கயிறும் நடத்தின. பள்ளி வாய்மூடி இருந்த இடத்தில்தான் அந்தப் பாடம் நடந்தது.

அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. கயிறு கட்டக் கூடாது, வகுப்பில் சாதியைக் குறிப்பிட்டு அழைக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தவை அவசியமானவை. ஆனால் கயிற்றை அவிழ்ப்பது பாதி வேலைதான். அகமணமே சாதியின் உயிர் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் சொன்னதைச் சமூக அறிவியலில் நடத்துங்கள். சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த மண்ணின் மக்கள் பரவலாகக் கலந்தார்கள், பிறகே அகமணம் இறுகியது என்று ஐதராபாத், ஹார்வர்டு விஞ்ஞானிகள் 2013இல் மரபணுவைக் கொண்டு காட்டியதை அறிவியலில் நடத்துங்கள். இரண்டு வகுப்பும் ஒரே உண்மையைச் சொல்லட்டும்: சாதி இயற்கையுமல்ல, பழங்கதையுமல்ல. மனிதர்கள் கட்டியது, இன்றும் காத்துவருவது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் ஆசிரியர்களாக இருக்கிறீர்கள், ஆகப்போகிறீர்கள். ரத்த வகைப் பாடம் இந்த ஆண்டும் வரும். அட்டவணையை எழுதிவிட்டு உடனே அழிக்காதீர்கள், தோழர்களே. எங்களுக்கு யாரும் சொல்லாத அந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்காலர்ஷிப் தாள் வந்தால், யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்.